மந்திரித்த வேட்டு மருந்து

1966-ஆம் வருடம் மே மாதம் 19-ஆம் தேதி சப் மாஜிஸ்திரேட் முன்பாகச் சொன்னது. பெயர் இருதயநாதன், தகப்பனார் காஸ்பர், வயது 46, மதம் ரோமன் கத்தோலிக், தொழில் திருவிழா வேட்டு, இருப்பு செஞ்சி கோட்டைமேட்டுத் தெரு.

மாதா கோயில் தேருக்கும் அம்மன் கோயில் தேருக்கும் பதினெட்டு வருடமாக வேட்டு போடுவது நான்தான். லைசென்ஸ் என் பெயரில் இருக்கிறது. இரண்டு தேருக்கும் முதல் வேட்டுக்குத் திரி வைப்பது என் கூட்டாளி தனகோட்டி. அவன் இந்து. இதைப் போலீசில் ஐந்து முறை கேட்டார்கள், ஐந்து முறையும் சொல்லிவிட்டேன்.

மாதா கோயில் கொடியேற்றத்தன்று வெடிமருந்து மூட்டையைப் பீடத்தின் முன் வைத்துப் பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். அதன் பிறகு தேரன்று வரை அதை அவிழ்ப்பதோ நிறுப்பதோ கூடாது என்பது எங்கள் வழக்கம். மூட்டை இருக்கும் அறையின் சாவி என் தங்கை அருளம்மாள் புருஷன் ஆரோக்கியநாதனிடம் இருக்கும்.

இந்த வருடம் கொடியேற்றத்துக்கு மறுநாள் மலையடியில் இருந்த எங்கள் மரச் சிலுவையை யாரோ பிடுங்கிப் போட்டார்கள். யாரென்று இன்றுவரை தெரியாது. பதிலுக்கு ஏதாவது செய்யாமல் விடமாட்டேன் என்று ஆரோக்கியநாதன் சொல்லிக்கொண்டு திரிந்தான். அதற்குப் பிறகு நான்காம் நாள் மூட்டையைத் தூக்கிப் பார்த்தேன், இளைத்திருந்தது. தூக்கிப் பழகிய கைக்குத் தெரியாதா? மாதா கோயில் உபதேசியாரிடம் போய் நிறுத்துப் பார்ப்போம் என்றேன், மாதாவையே சந்தேகப்படுகிறாயா என்று சீறினார். அதன் பிறகு ஆரோக்கியநாதன் மேல் சந்தேகம் என்று ஒரு போலீஸ் ஏட்டையாவிடம் சொன்னேன், “ஜெபமாலை உருட்டுற ஆளுய்யா அவரு, போய் வேலையப் பாரு” என்றார். அதன் பிறகு அம்மன் கோயில் தர்மகர்த்தா கோதண்டராமனிடம் சொன்னேன், சாமி கும்பிடுகிறவன் இன்னொரு சாமி தேரில் கைவைப்பானா என்று சிரித்தார். மூன்று பேரிடம் சொல்லியாயிற்று என்று நானும் வீட்டுக்கு வந்துவிட்டேன். அது என் தப்பு.

17-ஆம் தேதி காலை பத்து மணிக்கு அம்மன் தேர் கிளம்பும் சமயம், சக்கரத்தின் அருகே துணி சுற்றிய உருண்டை ஒன்று புகைவதைத் தனகோட்டி பார்த்தான். ஜனங்கள் வடம் பிடித்து நின்றபடியால் அதை எடுத்துக் குளத்தில் எறிய ஓடினான். கையிலேயே வெடித்தது. வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது.

அதன் பிறகு நான் நேரே ஆரோக்கியநாதன் வீட்டுக்குப் போனேன். முழந்தாளிட்டு ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தான். “இன்னாடா பண்ணி வச்சிருக்க?” என்று கேட்டேன். “மந்திரிச்ச மருந்து மச்சான், பாவம் வராது” என்றான். நம் மாதா தேருக்குத் திரி வைக்கிற கையடா அது என்று சட்டையைப் பிடித்து உலுக்கினேன். அவன் ஜெபமாலையை விடவில்லை. அருளம்மாள் என் காலில் விழுந்து வெளியே சொல்லாதே என்று அழுதாள். அன்று சாயங்காலமே போலீசில் சொன்னேன். அதற்கும் நீ எந்த மதம் என்றுதான் முதலில் கேட்டார்கள்.

நேற்று ஆஸ்பத்திரியில் தனகோட்டியைப் பார்த்தேன். “மருந்து உன்னுதாண்ணா?” என்று கேட்டான். நான் எழுந்து வந்துவிட்டேன்.

மேலே கண்டதை எனக்குப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. தனகோட்டிக்கும் இதை ஒரு முறை படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்) கா. இருதயநாதன்