சேர்ந்து போடும் ரிட்டர்ன்

“ஜாயிண்ட் ரிட்டர்ன் போடறதுக்கு டைவர்ஸே பண்ணிடலாம்டி.”

அமீர்பேட்டில் மெட்ரோ ஏறியதும் என் காதில் விழுந்தது இதுதான். கழுத்தில் ஆபீஸ் அட்டையோடு இரண்டு தமிழ்ப் பெண்கள், கம்பியைப் பிடித்தபடி நின்றார்கள்.

“உன் வீட்டுக்காரர் டல்லாஸ்ல, நீ மாதாப்பூர்ல. சேர்ந்து கணக்கு காட்டினா அவருக்கு அங்க வரி குறையும். கையெழுத்து போட்டா என்ன?”

“என் சம்பளத்தையும் அதுல காட்டணுமாம்.”

“காட்டிட்டுப் போயேன்.”

“நான் அவர்கிட்ட சொல்லியிருக்கறது பாதிதான். மீதி எங்கம்மாவுக்குப் போகுது. அதை எதுக்கு சொல்லணும்?”

“அப்ப என்ன பண்ணினே?”

“‘முதல்ல உங்க சம்பளச் சீட்டை அனுப்புங்க, அப்புறம் என்னோடதை அனுப்பறேன்’னேன். உடனே, ‘தனித்தனியாவே போட்டுக்கலாம்மா, வரி போனா போகட்டும்’னுட்டார்.”

“நல்லவேளை, தப்பிச்சே!”

மாதாப்பூர் வந்துவிட்டது. கதவு திறந்தும் டல்லாஸ்காரரின் மனைவி இறங்கவில்லை.

“தபால் செலவுக்கே மூக்கால அழற மனுஷன்டி அவர். அவ்வளவு வரியைக் கட்டத் துணிஞ்சிட்டார்னா, எவ்வளவு மறைச்சிருப்பார்?”