பாதி அடுப்புல, பாதி ரோட்டுல

கலீல்: ...இன்ஜினை ஆஃப் பண்ணாதடா. பண்ணா மறுபடி ஸ்டார்ட் ஆவாது. உன் ராசி எனக்குத் தெரியாதா?

வசீம்: முன்னால டிப்பர் லாரி குறுக்க நிக்குது மச்சான். அச்சு முறிஞ்சு போச்சாம். இன்ஜின் ஓடினா மட்டும் பறந்துடுவோமா?

கலீல்: இன்னா டைமு?

வசீம்: பன்னண்டே கால்.

கலீல்: இன்னும் பாரிவாக்கத்தையே தாண்டல. ஒரு மணிக்கு ஆவடி மண்டபத்துல பந்தி. பிரியாணி இங்க கீது, பொண்ணு மாப்ள அங்க கீறாங்க. உன் போனு இன்னா சொல்லுது? காலையிலேர்ந்து அதைத் தடவிகினு இருந்தியே.

வசீம்: இருபத்தெட்டு நிமிஷம்னு காட்டுது.

கலீல்: பூந்தமல்லியில கெளம்பும்போதும் இருபத்தெட்டுதானே காட்டுச்சு?

வசீம்: அது... டிராபிக்குக்கு ஏத்த மாதிரி மாறும்.

கலீல்: ரோடு மாறல. அங்கேயேதான் கீது. உன் போனுதான் புளுகுது.

வசீம்: நான் வேலை செய்யற குடோன்லேர்ந்து ஒரு நாளைக்கு நாலாயிரம் பார்சல் போவுது மச்சான். எந்தப் பொருளு, எந்த வண்டி, எந்த நேரம்... எல்லாம் இந்தப் போனுலதான். சப்ளை செயின்னா சும்மாவா?

கலீல்: செருப்பும் செல்போன் உறையும் அனுப்புற. ரெண்டு நாள் லேட்டானா செருப்பு ஊசிப் போவுமா? இது பிரியாணிடா. பாதி அடுப்புல வேவுது, பாதி ரோட்டுல வேவுது. நாப்பது நிமிஷம் ரோட்டுல தம்மு நின்னா பூ மாதிரி. ஒரு மணி நேரம் தாண்டுச்சு... கூழு.

வசீம்: ஏத்தறது எறக்கறது சேத்து நாப்பது நிமிஷ ரோட்டுக்கு நாப்பது நிமிஷ தம்முன்னு கணக்கு போட்டுக் குடுத்ததே நான்தானே?

கலீல்: முப்பது வருசமா நான் எடுத்துகினு போவல?

வசீம்: போனீங்க. தள்ளுவண்டியில... அடுத்த தெருவுக்கு.

கலீல்: டேய்!

வசீம்: சரி சரி. அந்த மண்டபத்து மேனேஜரு சிவராமன் இன்னா சொன்னாரு, ஞாபகம் கீதா?

கலீல்: "ஒரு மணிக்குச் சூடா பந்தியில இருந்தா, ஒரு வருசத்துக்கு இங்க நடக்குற எல்லாக் கல்யாணத்துக்கும் நீங்கதான். லேட்டானா வேற ஆளு"ன்னான். மறப்பேனா? மூணு நாளா தூக்கம் இல்ல... நவுறு, பின்னாடி ஏறிப் பாத்துட்டு வரேன்.

வசீம்: பிரியாணி தேக்சா மூடியத் தொறந்துடாதீங்க!

கலீல்: எனக்கே சொல்றியா? மாவு ஒட்டி மூடினதை மண்டபத்துல நான் பிஸ்மில்லா சொல்லித்தான் தொறக்கணும். எங்க வாப்பா காலத்து வழக்கம். எனக்குக் காது வெச்சா போதும்.

வசீம்: வெயுங்க. கீழ வுழுந்துடாதீங்க... இன்னா சொல்லுது?

கலீல்: உஷ்... இந்த ரெண்டு தேக்சா, சத்தமே இல்ல. அடங்கிடுச்சு. அதான் பக்குவம்... ஓரத்து ரெண்டு கீதே... ஆகா! களக் களக்குங்குது. நெய் மேல வந்து, கறி எலும்பை உட்டுகினு... டேய் வசீமு, இப்படி ஒரு தம்மு நான் போட்டதே இல்லடா!

வசீம்: எறங்குங்க, மண்டபத்துலேர்ந்து அக்கா போன் பண்ணுது. ஸ்பீக்கர்ல போடறேன்.

ஷம்ஷாத்: எங்க கீறீங்க?

கலீல்: ஆவடி வந்தாச்சு ஷம்ஷாத்து. இன்னும் ஒரு திருப்பம்தான்.

ஷம்ஷாத்: அப்படியா? பாரிவாக்கம் எறங்குன்னு கண்டக்டரு கத்துறது கேக்குதே.

கலீல்: அது... அந்தப் பஸ்ஸு அங்க போவுது.

ஷம்ஷாத்: சரி, பதறாம வாங்க. நிக்காஹ் முடிஞ்சிடுச்சு. சேர் போட்டுகினு கீறாங்க.

வசீம்: அக்கா, அந்த... பச்சடி வந்துச்சா?

ஷம்ஷாத்: வந்துச்சு.

கலீல்: வெங்காயம்?

ஷம்ஷாத்: அதுவும் வந்துச்சு. வெக்கிறேன்.

கலீல்: கேட்டியா? அவ குரல்ல கொஞ்சமாச்சும் பதட்டம் கீதா? கல்லு நெஞ்சுக்காரி.

வசீம்: நீங்க ஏன் மச்சான் இப்ப வெங்காயம் கேட்டீங்க?

கலீல்: நீ ஏன் பச்சடி கேட்ட?

வசீம்: சும்மா.

கலீல்: நானும் சும்மாதான்.

வசீம்: ...மணி பன்னண்டே முக்கால் ஆச்சு.

கலீல்: உடு. மொத்தமா கவுந்துடாது. எத்திராஜ் இந்நேரம் போய்...

வசீம்: எந்த எத்திராஜ்?

கலீல்: எவன்?

வசீம்: இப்ப சொன்னீங்களே. லோடு ஆட்டோ எத்திராஜா?

கலீல்: ...ஆமாண்டா! உன் போனை நம்பி நான் கெளம்புவேனா? அஞ்சாவது தேக்சா ஒண்ணு போட்டு, திருவேற்காடு வழியா அவன்கிட்ட அனுப்புன்னு உங்க அக்காகிட்ட சொன்னேன். உனக்குத் தெரிஞ்சா மனசு நோவும்னுதான் மறைச்சேன்... இன்னாடா சிரிக்கிற?

வசீம்: அதான் வெங்காயமா?

கலீல்: அதான் வெங்காயம். சிரிக்காதடா!

வசீம்: என்னோடது ஆறாவது தேக்சா மச்சான்.

கலீல்: இன்னாது?

வசீம்: எங்க குடோன் டிரைவரு அபிஷேக். அவன் வண்டியில, அவுட்டர் ரிங் ரோடு வழியா. எல்லாத்தையும் ஒரே வண்டியில ஏத்தக் கூடாது, அதான் எங்க தொழில்ல மொதப் பாடம். உங்களுக்குத் தெரிஞ்சா கத்துவீங்கன்னு அக்காகிட்ட தனியா சொன்னேன்.

கலீல்: அதான் பச்சடியா? என்னையே நம்பலியாடா நீ?

வசீம்: உங்களை நம்பினேன். நீங்க கெளம்புற நேரத்தைத்தான் நம்பல. சட்டை மாத்த இருபது நிமிஷம்!

கலீல்: அத்தர் பூசிகினேன். மேனேஜரைப் பாக்கப் போறோம்ல... அட அல்லாவே! அப்ப ஆறு தேக்சாவா? வர்றது முந்நூறு பேரு. நானூத்தம்பது பேரு சோறு போவுதே! மீந்தா இன்னாடா பண்றது?

வசீம்: டிப்பரை இழுத்துட்டாங்க மச்சான்! ஏறுங்க, ஏறுங்க!

கலீல்: பாத்துப் போடா! பள்ளத்துல உடாத! தம்மு, தம்மு!

வசீம்: ...இதோ மண்டபம் வந்துடுச்சு.

கலீல்: ஒண்ணே கால். போச்சு. சிவராமன் வாசல்லயே நிக்கிறான் பாரு. நான் எறங்கல. நீ போய்ப் பேசு.

வசீம்: பல்லு குத்திகினு நிக்கிறாரு மச்சான். சிரிக்கிறாரு.

கலீல்: பல்லு குத்துறானா? எதைத் தின்னுட்டு?

ஷம்ஷாத்: வாங்க, எறங்குங்க. மொதப் பந்தி இப்பதான் எழுந்துச்சு. ஒரு மணிக்கு டாண்ணு சோறு போட்டாச்சு. மேனேஜரு ரெண்டு தரம் கேட்டு வாங்கித் தின்னாரு. "வருசம் பூரா நீங்கதாம்மா"ன்னு சொல்லிட்டாரு.

கலீல்: அல்ஹம்துலில்லாஹ்! எத்திராஜ் காப்பாத்திட்டான்!

வசீம்: அபிஷேக் மச்சான், அபிஷேக்!

கலீல்: ரெண்டு பேரும்டா, ரெண்டு பேரும்... ஆனா ஷம்ஷாத்து, இந்த ஆறு தேக்சாவை...

ஷம்ஷாத்: எந்த ஆறு?

கலீல்: வண்டியில நாலு. அவனுங்க எடுத்தாந்தது ஒண்ணு ஒண்ணு.

ஷம்ஷாத்: கேட்டவங்களுக்கெல்லாம் போட கறி என்ன மரத்துலயா காய்க்குது? ஒருத்தர் மாத்தி ஒருத்தரா வந்து காதுல ஓதினீங்க. இவன் உங்களை நம்பல, நீங்க இவனை நம்பல. நான் ரெண்டு பேரையும் நம்பல. மொத்தமே நாலுதான். அதுலேர்ந்து ரெண்டைத் தூக்கி அவங்க ரெண்டு பேருகிட்ட குடுத்துட்டு, நானும் எத்திராஜ் வண்டியில ஏறிட்டேன்.

வசீம்: அப்ப இந்த வண்டியில ரெண்டுதானா?

ஷம்ஷாத்: ரெண்டாவது பந்திக்கு அது போதும். எங்கனா நின்னுடுவீங்கன்னு தெரியும், அதான் அந்த ரெண்டை மட்டும் அடுப்புலேர்ந்து முன்னாடியே எறக்கினேன். கூழாயிருக்காது.

கலீல்: இரு, இரு... அப்ப அந்த ஓரத்து ரெண்டு?

வசீம்: காது வெச்சுக் கேட்டாரு அக்கா. நெய் மேல வந்து, கறி எலும்பை உட்டுகினு...

கலீல்: நீ வாயை மூடு!

ஷம்ஷாத்: அது வெந்நீருங்க. வண்டி காலியா இருந்தா கண்டுபுடிச்சிடுவீங்கன்னு, நீங்க அத்தர் பூசப் போயி, இவன் போனைத் தடவிகினு இருந்த நேரத்துல நானே மாவு ஒட்டி வெச்சேன். சீக்கிரம் பிஸ்மில்லா சொல்லித் தொறங்க, மொதப் பந்திக்காரங்க கை கழுவ நிக்கிறாங்க.