சத்தம் ஏன் வரல

அண்ணி: ...அந்த ரெண்டு டிஸ்க்கையும் ஜோடி சேக்காதன்னு சொன்னேன்ல?

கொழுந்தன்: வேற வேற டிஸ்க்தானே அண்ணி.

அண்ணி: ஒரே பெட்டியில வந்தது. ஒண்ணா ஓட ஆரம்பிச்சா ஒண்ணாத்தான் மண்டையப் போடும். ஒண்ணு போனா இன்னொண்ணு காப்பாத்தத்தானே ஜோடி? இந்தப் பெட்டியில ஒண்ணு, அந்தப் பெட்டியில ஒண்ணு எடு.

கொழுந்தன்: சரி. இந்தப் புது சர்வர்ல மொத்தம் பத்து இடம். முதல் ரெண்டுல சிஸ்டம், அடுத்த ரெண்டுல டேட்டாபேஸோட பதிவுக் குறிப்பு. அப்புறம் நாலுல டேட்டா...

அண்ணி: நம்பர் எழுதி ஒட்டு. ...கோழி கிண்டுன மாதிரி இருக்கு. இது மூணா, எட்டா?

கொழுந்தன்: அண்ணன் எழுத்து மட்டும் முத்து முத்தாவா இருந்துச்சு? அவர்கிட்ட கத்துக்கிட்டதுதானே... அண்ணி, சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன், அழாதீங்க.

அண்ணி: அழல. ஏசி காத்து கண்ணுல அடிக்குது. மிச்சம் ரெண்டு இடம்?

கொழுந்தன்: காலியா விடலாம். பின்னால டேட்டா பெருகுனா...

அண்ணி: வேண்டாம். ரெண்டுலயும் ஸ்பேர் டிஸ்க் போடு. ஒண்ணு செத்தா எல்லாம் தானா அதுல ஏறிக்கட்டும். அலாரம் சத்தம் கேட்டு யாரும் ஓடி வரவேண்டியதில்ல.

கொழுந்தன்: ...சரி.

அண்ணி: ஸ்க்ரூட்ரைவரை வச்சிட்டு இங்க வா. இந்த ஃபாரத்துல ஒரு கட்டம்தான் பாக்கி. 'பழைய சர்வர் பழுதானதற்குக் காரணம்.' மேனேஜரே பென்சில்ல எழுதிக் குடுத்துட்டாரு. நான் பேனாவுல எழுதிக் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது.

கொழுந்தன்: என்ன எழுதியிருக்காரு?

அண்ணி: உங்க அண்ணன் பேரு. ஒரே பெட்டி டிஸ்க்கை ஜோடி சேத்தாருன்னு.

கொழுந்தன்: அது... அது மட்டும் காரணமில்ல அண்ணி.

அண்ணி: இந்த ஆஸ்பத்திரியில ரெண்டு மாசத்து நோயாளிங்க விவரம் போச்சு. அவர் வேலை போச்சு. ஆறே வாரத்துல ஆளும் போயாச்சு. இனி எது காரணமா இருந்தா என்ன?

கொழுந்தன்: ரெண்டும் ஒண்ணாப் போகல. முதல் டிஸ்க் வெள்ளிக்கிழமை போச்சு. அடுத்தது ஞாயித்துக்கிழமை. நடுவுல... மாத்தியிருக்கலாம்.

அண்ணி: அப்ப முதல் டிஸ்க் போனப்பவே அலாரம் சத்தம் வந்திருக்கணுமே. அவரும் அதைத்தான் கேட்டாரு. கட்டில்ல படுத்துக்கிட்டு, ஃபேனைப் பாத்து, "சத்தம் ஏன் வரல, சத்தம் ஏன் வரல"ன்னு...

கொழுந்தன்: வந்துச்சு.

அண்ணி: ம்.

கொழுந்தன்: நான்தான் பட்டனைத் தட்டி சத்தத்தை அமுக்கினேன். கீச்சு கீச்சுன்னு காதைக் குடைஞ்சுது... திங்கக்கிழமை மாத்திக்கலாம்னு நினைச்சேன். எல்லாம் போனப்புறம் அண்ணன்கிட்ட சொல்றதுக்கு நாலு தடவை வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன் அண்ணி. செருப்பைக் கழட்டாமலே திரும்பிட்டேன். ...அதை அழிச்சிட்டு என் பேரை எழுதுங்க.

அண்ணி: எழுதத்தான் போறேன். ரப்பரை எடு.

கொழுந்தன்: ரெண்டு அறை விடுங்களேன். எப்படி அண்ணி இப்படி அசையாம இருக்கீங்க?

அண்ணி: யாரு சத்தத்தை அமுக்கினாலும் சர்வர்லேர்ந்து எனக்கு மெயில் வரும் தம்பி. அன்னிக்கும் வந்துச்சு, உன் பேரோட. நீ பாத்துக்குவன்னு நானும் விட்டுட்டேன். ஞாயித்துக்கிழமைக்கப்புறம் அந்த மெயிலை அழிச்சேன், உன்னைக் காப்பாத்தவா, என்னையான்னு இப்பவும் புரியல... கட்டம் சின்னதா இருக்கு, நம்ம ரெண்டு பேரு பேரும் எழுதணும். அவர் ஒவ்வொரு தடவை கேட்டப்பவும், பக்கத்துல உக்காந்து காலைப் பிடிச்சுவிட்டுக்கிட்டே, "தெரியலைங்க"ன்னு சொன்னது நான்தான்.