ஸ்கோரிக் படத்தின் மேல் தொங்கிய துணி

என் பெயர் யெவ்ஹெனியா பாவ்லிவ்னா தெரெஷ்கோ. வயது ஐம்பத்தாறு. கணவர் ஸகார் இந்த இலையுதிர் காலத்தில் மாரடைப்பில் காலமானார். போல்தாவா மாகாணம், வெர்போவா பால்கா கிராமம், கிணற்றுத் தெருவில் குடியிருக்கிறேன். அதே ஊரில் எழுத்தாளர் ஒனிசிம் ஸ்கோரிக் பிறந்த வீட்டில் இயங்கும் நினைவு அருங்காட்சியகத்துக்கு நான் பொறுப்பாளர். காவலாளி கிந்த்ராத் மீது திருட்டுப் புகார் கொடுத்தது நான்தான். அது தொடர்பாக இன்று நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து சொல்வதாவது:

எழுத்தாளர் படத்தின் மேல், அவருடைய தாயார் சிவப்பு நூலில் பூவேலை செய்த நீளத்துணி ஒன்று தொங்கும். எங்களிடம் இருப்பதில் விலைமதிப்பற்றது அதுதான். கணவரின் அடக்கம் முடிந்து நான் மறுபடி வேலைக்கு வந்தபோது, அந்த இடத்தில் சந்தையில் விற்கும் மெஷின் தையல் துணி தொங்கியது. பூட்டு உடைபடவில்லை. சாவி என்னிடமும் கிந்த்ராத்திடமும் மட்டுமே உண்டு. கேட்டதற்கு அவர், "எனக்கென்னம்மா தெரியும், எப்பவும் போலத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டு விறகு அடுக்கப் போய்விட்டார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அதன் பிறகு அவரை நோட்டம் விட்டேன். காலில் புது பூட்ஸ் இருந்தது. கோடையில் கீவ் நகரத்திலிருந்து வந்த பழம்பொருள் வியாபாரி ஒருவன் அந்தத் துணியைத் தடவித் தடவிப் பார்த்ததும், அவனுக்கு இவர் தர்பூசணி வெட்டிக் கொடுத்ததும் நினைவுக்கு வந்தன. யாரையும் லேசில் நம்புகிற சுபாவம் எனக்குக் கிடையாது. அவர் இல்லாத நேரம் பார்த்து அவருடைய வைக்கோல் கொட்டகையைக் கிளறினேன். ஒன்றும் கிடைக்காததே விற்றுவிட்டதற்கு அத்தாட்சி என்று எடுத்துக்கொண்டு புகார் கொடுத்தேன். அதன் பேரில் அவரைக் கூட்டிவந்து அடைத்தீர்கள். இங்கேயும் அவர் வாய் திறக்கவில்லை என்று அறிந்தேன்.

நேற்றுக் காலை அவருடைய மனைவி ஒதார்க்கா அருங்காட்சியகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஏண்டி யெவ்ஹெனியா, உன் புருஷனை எதுல தாங்கிக் குழிக்குள்ள இறக்கினோம்னு நீ பாக்கவே இல்லையா?"

அன்று நான் எதையும் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் சவப்பெட்டியைப் பூவேலை நீளத்துணியில்தான் இறக்குவார்கள். பெட்டியோடு மண்ணுக்குள் போன துணி மறுபடி வீட்டுக்குள் வரக்கூடாது. அந்த வாரம் போர்முனையிலிருந்து இரண்டு பையன்களின் உடல்களைக் கொண்டுவந்ததில், கோயிலில் இருந்த துணிகளெல்லாம் அவர்களோடு போயிருந்தன. பெட்டிக்கு இரண்டு வேண்டும், என் வீட்டில் ஒன்றுதான் இருந்தது. மற்ற வீடுகளில் இருந்தவை நீளம் பற்றவில்லை.

"ஸகாரைக் கயித்துல இறக்குறதா, கிணத்துல வாளி விடுற மாதிரி? அதான் இவரு இங்க இருந்ததை எடுத்துட்டு வந்துட்டாரு. அப்புறம் சந்தையில ஒண்ணு வாங்கி அந்த இடத்துல மாட்டிட்டாரு" என்றார் ஒதார்க்கா.

"அப்போ அந்த பூட்ஸ்?" என்று கேட்டேன். அப்போதும் எனக்குச் சந்தேகம்தான்.

"அது ஸகார் வாங்கி வச்சது. பெட்டி தூக்கினவருக்குன்னு நீயே இவர் கையில திணிச்சே. அதுகூட ஞாபகம் இல்லையா, மகராசி?"

"இதை அன்னிக்கே என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீ குழியைத் தோண்டச் சொல்லுவே. அரசாங்கச் சொத்துன்னா உனக்குப் புருஷனும் தெரியாது, புள்ளையும் தெரியாது. அதுக்கு நான் ஜெயிலுக்கே போறேன்னுட்டாரு மனுஷன்."

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. ஊரில் என்னைப் பற்றி அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். நான் அழுதேன். அது விசாரணைக்கு அவசியமில்லை என்று அதிகாரி சொன்னார். எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

கிந்த்ராத்தை இன்றே விட வேண்டும். துணி இருக்குமிடம் எனக்குத் தெரியும். அதை மீட்கக் கல்லறையைத் திறக்கலாமா என்று அதிகாரி கேட்கிறார். மனைவி என்ற முறையில் எனக்குச் சம்மதம் இல்லை. அருங்காட்சியகப் பொறுப்பாளர் என்ற முறையிலும் சம்மதம் இல்லை.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) யெ. பா. தெரெஷ்கோ