பிரான்ஸிலிருந்து வந்த ரீட்

உங்கள் காவல் நிலையத்துத் தேநீரில் சீனி கூடிவிட்டது, பொறுப்பதிகாரி அவர்களே. ஆனாலும் குடித்துவிட்டேன். தாளும் பேனாவும் தந்ததற்கு நன்றி. எதையும் எழுதி வைத்துச் செய்துதான் எனக்குப் பழக்கம்.

நான் கொலின்ஸ். குருநகரில் முப்பத்தொரு வருடமாகப் பாண்ட் வாத்தியக் குழு நடத்துகிறேன். பெருநாளானாலும் செத்தவீடானாலும் சக்ஸபோனோடு முன்னால் போகிறவன் நான்தான். நோட்டில் எழுதியிருப்பதை வாசிப்பேன். எழுதாததை வாசிக்க மாட்டேன்.

என் குழுவில் வாசித்த ஜெனிஸ்ரன் போன் திருத்தும் கடையில் வேலை செய்தவன். இருபத்தாறு வயது. சக்ஸபோனையும் போனிலேயே படித்தான். அந்தப் பாடங்களை ஒருநாள் எனக்கும் காட்டினான். தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரன் கட்டிலில் இருந்தபடி ஜாஸ் சொல்லிக் கொடுக்கிறான். பின்னால் ஒரு பூனை தன் காலை நக்கிக்கொண்டிருக்கிறது. முதல் பாடத்தில் மூன்றே மூன்று சுரம். அதை வைத்துக்கொண்டு மனம் போனபடி வாசிக்கட்டுமாம். உலகத்தில் வேலைவெட்டி இல்லாதவர்கள் எல்லாரும் கீழே இதயம் போட்டிருந்தார்கள். பக்கவாத்தியமும் அங்கேயே இலவசமாகக் கிடைக்கிறது; கூட வாசிக்க மனிதர்கள் தேவையில்லை. அந்த இசைக்கு அது நல்லதுதான்.

"மாஸ்ரர், நோட்டைப் பாத்து வாசிச்சால் அது எழுதினவன்ரை அழுகை. எங்கடை அழுகையை எப்ப வாசிக்கிறது?" என்று கேட்டான்.

"அழுறதுக்குச் சனம் இருக்கு. நீ நோட்டை வாசி" என்றேன். சிரித்தான். அவனுக்கு எதற்கும் சிரிப்புத்தான்.

பிறகு சிமியோன் சம்மாட்டி படுக்கையில் விழுந்தார். நான்கு படகு வைத்திருந்தவர். அவருடைய மகன் றோய் என் வீட்டுக்கு வந்து, தகப்பன் சொன்னதை அப்படியே ஒப்புவித்தான்: "என்ரை பெட்டிக்கு முன்னாலை உவன் ஜெனிஸ்ரன் தன்ரை விருப்பத்துக்கு வாசிக்கட்டும். கொலின்ஸ் பின்னாலை நிண்டு சுதி பிடிக்கட்டும்." முப்பத்தொரு வருடத்துக்குப் பிறகு நான் பின்னால். வலித்தது, மறைக்கவில்லை. ஆனால் நான் செய்தது அதற்காக அல்ல. ஒரு செத்தவீட்டின் மரியாதைக்காக.

ஜெனிஸ்ரனுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது. மீன்பிடித்துப் பிழைக்கும் குருநகரில் பிறந்தவனுக்கு இறால் ஆகாதாம் என்று ஊரே பகிடி பண்ணும். சின்ன வயதில் ஒரு வாய் இறால் சொதி குடித்துத் தொண்டை அடைத்து, ஆசுபத்திரியில் கிடந்து பிழைத்தவன்.

சக்ஸபோனில் வாய் வைக்கும் இடத்தில் மெல்லிய நாணல் சீவல் ஒன்று பூட்டுவோம். அதுதான் ரீட். காய்ந்த ரீட் பேசாது. வாசிக்க முன்னர் வாயில் வைத்து நன்றாக ஊறவிட வேண்டும். பிரான்ஸிலிருக்கும் என் தங்கை நல்ல ரீட் அனுப்புவாள். தேவைப்படும்போது அவனும் என்னிடம்தான் கேட்பான்.

சம்மாட்டி உயிரோடிருந்த அந்த ஒரு கிழமை எனக்குப் போதுமாக இருந்தது. இறால் தலைகளை அவித்து, தண்ணீரை வற்றவிட்டேன். ஒரு ரீட்டை அதில் மூன்று நாள் ஊறப்போட்டு, வெயிலில் காயவைத்து, திரும்பவும் ரீட் டப்பாவுக்குள் வைத்தேன். மணக்காதா என்று கேட்டீர்கள். குருநகரில் எது மணக்காமல் இருக்கிறது?

சம்மாட்டியின் அடக்கத்தன்று பின்னேரம் மூன்று மணிக்குப் பெட்டி தூக்கினார்கள். அந்த ரீட்டை ஜெனிஸ்ரனிடம் கொடுத்தேன். "பெரிய உதவி, மாஸ்ரர்" என்று வாங்கி வாயில் வைத்துக்கொண்டான். பிறகு பூட்டி, வாசிக்கத் தொடங்கினான். கோயில் வீதி திரும்பும்போது அவனுடைய சுரம் நடுவில் அறுந்தது. அதுவும் ஜாஸ் என்றே சனம் நினைத்தது. பிறகு முழங்காலில் விழுந்து, கழுத்தைப் பிடித்துக்கொண்டான்.

நான் வாசிப்பதை நிறுத்தவில்லை. தொடங்கிய கீதத்தைப் பாதியில் விடுவது பெட்டிக்குள் இருப்பவருக்கு அவமரியாதை. கடைசி வரியும் முடிந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

அவனுடைய தாய் மக்டலீன், அவனுக்கென்று தனித் தாச்சி வைத்துச் சமைத்தவள். துக்கம் விசாரிக்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தாச்சியை மாறி எடுத்திட்டனோ, மாஸ்ரர்?"

"இருக்கலாம் பிள்ளை. இனியாவது கவனமாய் இரு" என்றேன். அவளுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, கொடுத்தேன்.

ஆகவே, ஜெனிஸ்ரனைக் கொன்றது நான்தான். வேறு யாருக்கும் பங்கில்லை.

இன்னொன்றையும் எழுதச் சொன்னீர்கள். என் போனிலும் அந்தத் தொப்பிக்காரனின் பாடம் இருக்கிறது. பிழை பிடிக்கத்தான் பார்த்தேன். முதல் பாடத்தை மட்டும் இருநூற்றுப் பதினான்கு தடவை பார்த்திருக்கிறேன் என்றும், கடைசித் தடவை ஜெனிஸ்ரனை அடக்கம் செய்த அன்று என்றும், இரண்டாம் பாடத்தைத் திறக்கவேயில்லை என்றும் உங்கள் ஆட்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். சரிதான். முதல் பாடத்திலேயே அவ்வளவு பிழை இருந்தது.