பாதிப் பாராட்டு

ஒருவரைப் பாராட்டினால் பக்கத்தில் இருப்பவருக்கு ஏன் வலிக்கிறது? எனக்குத் தெரியாது. நிறையப் படித்துப் பார்த்தேன்... அப்போதும் தெரியவில்லை. ஆனால், அடுத்த வாரம் சூப்பர்வைசராகப் போகிற உங்களை வெறுங்கையோடு அனுப்ப மனசில்லை. ஒரு சின்னக் கதை சொல்கிறேன், கேளுங்கள்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. சூப்பர்வைசர் சுலோசனா... தங்கமான மனுஷி. அவள் லைனில் பூங்கோதை பனியனுக்குத் தோள் மூட்டித் தைப்பாள். அடுத்த மெஷினில் மும்தாஜ் கழுத்துப்பட்டி வைப்பாள். பூங்கோதைக்குக் கை வேகம். அவசரத்தில் தையல் விலகும். மும்தாஜ் அதைப் பிரித்து, சரிசெய்து, அடுத்த மெஷினுக்குத் தள்ளிவிடுவாள். யாரிடமும் சொல்ல மாட்டாள். லைனில் அதுதான் வழக்கம்.

ஒரு நாள் காலையில் சுலோசனா மைக்கைப் பிடித்தாள். “நம்ம லைன்ல பூங்கோதைதான் நம்பர் ஒன்! எல்லாரும் அவளைப் பார்த்துக் கத்துக்கோங்க!”

கைதட்டினார்கள்... நன்றாகத்தான் தட்டினார்கள். மத்தியானம் பூங்கோதை தைத்துத் தள்ளிய பீஸெல்லாம் அவளிடமே திரும்பி வந்தது.

“என்ன மும்தாஜக்கா இது?”

“தையல் விலகியிருக்குதுங்க. நம்பர் ஒன் தையல்ல நாங்க கை வைக்கலாமுங்களா?”

நேற்று வரை வாடி, போடி! ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறவள் திடீரென்று மரியாதை கொடுத்தால் என்ன அர்த்தம்? நான் சொல்லவா வேண்டும்?

சாயங்காலம் பூங்கோதை சுலோசனா முன்னால் கண் கலங்கி வந்து நின்றாள். “நாளைக்கு நான் வரலைங்கக்கா. வேற கம்பெனி பாத்துக்கறேன்.”

“ஏம்மா, பாராட்டினது ஒரு குத்தமா?”

“பாராட்டினது சரிங்கக்கா... ‘அவளைப் பார்த்துக் கத்துக்கோங்க’ன்னீங்களே! எனக்குத் தையல் சொல்லிக் குடுத்ததே மும்தாஜக்காதானுங்க. இன்னைக்கும் நான் விட்டதையெல்லாம் சரிபண்ணி அனுப்பறது அவங்கதானுங்க.”

சுலோசனாவுக்கு இது தெரியாது. எல்லாரும் கிளம்புவதற்குள் மறுபடி மைக்கை எடுத்தாள்.

“காலையில நான் பாதிதான் சொன்னேன். பூங்கோதை வேகத்துக்குப் பின்னால மும்தாஜ் கை இருக்குது. விசாரிக்காமப் பேசினது என் தப்பு.”

மும்தாஜ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “இதையும் மைக்குலதான் சொல்லோணுமாக்கும்” என்று முணுமுணுத்தபடி பையை எடுத்துக்கொண்டு போனாள்.

பாராட்டுங்கள்... தாராளமாகப் பாராட்டுங்கள். ஆனால் ஒருத்தியைத் தூக்கி மற்றவர்களை அளக்காதீர்கள். வாயைத் திறக்கும் முன்னால், அவளுக்கு அடுத்த மெஷினில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அவள் என்ன செய்கிறாள் என்று கேளுங்கள். கேட்டீர்களா? அப்புறம் பேசுங்கள்.

மைக்கில் பேசியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அந்த மாதிரிக் கதைகளை நானே நம்புவதில்லை. மறுநாள் நடந்தது இவ்வளவுதான். பூங்கோதை வந்தாள்... தாமதமாக வந்தாள். மும்தாஜ் தலையைத் தூக்காமலே கேட்டாள்:

“தூங்கிட்டியாடி? பீஸ் வராம இங்க ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்கறேன்.”

பூங்கோதை உட்கார்ந்து, மெஷினை ஓட்டினாள்.