அர்கிரோவின் துளசியும் என் நத்தைகளும்

நத்தைக் கூடை வைத்திருப்பது குற்றமில்லை, சாமி. நம் கிரீட் தீவில் எந்த அடுப்படியில் அது இல்லை? மழை விட்டதும் பொறுக்கி வருகிறோம். வயிறு சுத்தமாகட்டும் என்று மாவு போடுகிறோம். எச்சம் வெள்ளையாக வந்ததும் சமைக்கிறோம். நீங்களே என் வீட்டில் ஒரு பிடி பிடித்திருக்கிறீர்கள்.

நாளை சிலுவைத் திருநாள். ஊரிலேயே அழகான துளசியின் நடுவில்தான் சிலுவையை வைத்துக் கோயிலைச் சுற்றி வருவீர்கள். வருஷா வருஷம் அது எதிர்வீட்டு அர்கிரோவின் துளசி. என் தொட்டியிலோ அசுவினிப் பூச்சி போனால் வெள்ளை ஈ வரும், அது போனால் இலையெல்லாம் சாம்பல் பூக்கும். சோப்புத் தண்ணீர் தெளித்தேன். உங்களிடம் வாங்கிய தீர்த்தத்தைக்கூடத் தெளித்துப் பார்த்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், சோப்புத் தண்ணீரே தேவலை.

"உனக்குக் கைராசி இல்லடி பொலிக்சேனி," என்றாள் அர்கிரோ, தெருவே கேட்க. "பேசாம பிளாஸ்டிக் செடி வாங்கி வை. அதுக்குப் பூச்சி வராது."

எனக்கு வயிறு எரிந்தது. இருந்தாலும் நியாயமாகத்தான் யோசித்தேன். பூச்சி என்றால் எல்லார் வீட்டுக்கும் வர வேண்டும். ஒருத்தியை மட்டும் விட்டுவைப்பது கடவுளுக்கு அழகா? ஜூன் மாதம் ஒரு மத்தியானம், ஊரே சாப்பிட்டுப் படுத்திருந்தபோது, கூடையோடு போய் அவள் தொட்டியடியில் நத்தைகளை விட்டேன். பட்டினியாக அனுப்ப மனம் வரவில்லை, காலையிலேயே மாவு போட்டிருந்தேன். சாயந்திரம் அவள் தண்ணீர் ஊற்றினாள். அவை தாமாகவே ஏறிக்கொண்டன. நான் ஏற்றிவிடவில்லை.

விடிந்தபோது வெறும் குச்சிகள்தான் நின்றன. அர்கிரோ படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். முதலில் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டது நான்தான். நானும் அழுதேன். அது நடிப்பில்லை, சாமி.

மத்தியானம் ஒரு தட்டு நிறைய நத்தை வறுவலோடு வந்தாள்.

"சாப்பிடுடி. என் துளசியைத் தின்னு கொழுத்ததுங்க."

"அய்யய்யோ, பிடிச்ச அன்னிக்கே சமைப்பாங்களா? வயித்தைச் சுத்தம் பண்ண வேண்டாமா?"

"வேண்டியதே இல்ல. தொட்டியெல்லாம் வெள்ளை வெள்ளையா எச்சம். யாரோ புண்ணியவதி மாவு போட்டுல்ல அனுப்பியிருக்கா."

தட்டு காலியாகும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வறுவல் நன்றாக இருந்தது, லேசாகத் துளசி வாசனை. அதற்குப் பிறகு அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

ஆனால் இந்த மூன்று மாதத்தில், நத்தை கடித்த ஒவ்வொரு நுனியிலும் இரண்டிரண்டாகக் கிளைத்துவிட்டது. இப்போது அந்தச் செடிக்குள் விரல் நுழையாது, நம் கோயில் கும்மட்டம் மாதிரி உருண்டு நிற்கிறது. இன்று காலை நீங்களே வாயைப் பிளந்து, "இந்த மாதிரி துளசியை என் ஆயுசுல பார்த்ததில்ல அர்கிரோ" என்றீர்கள். நான் தெருவுக்கு இந்தப் பக்கம்தான் நின்றிருந்தேன்.

நுனி கிள்ளினால்தான் துளசி புதராகும் என்று அவளுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். கிள்ளவே மாட்டாள், பாசம். கடைசியில் கிள்ளியது யார்?

செய்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். எந்தத் தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். நாளை சிலுவையைத் தூக்கும்போது மட்டும், இந்தத் துளசியில் பொலிக்சேனிக்கும் பங்கு உண்டு என்று ஊரறிய ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.